வராத பொருளுக்கு வாங்கிய விலை

விஸ்டா என்ற இயங்குதளத்தை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2007 ஜனவரி 30 அன்று பொதுச் சந்தைக்கு விட்டது. 2017 ஏப்ரல் 11 உடன் அதற்கான பாதுகாப்பு ஆதரவையும் நிறுத்திக்கொண்டது. முடிந்துபோன வழக்கின் கட்டை இப்போது ஏன் அவிழ்க்கிறீர் என்று வாசகர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவன் என்ற முறையில் நான் கண்ட ஒன்று உண்டு. தீர்ப்பு எழுதப்படாமல் மூடப்பட்ட வழக்குத்தான் வேறு பெயரில் மறுபடியும் வரும். விஸ்டா அல்டிமேட் விவகாரம் அத்தகையது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நம் சட்டைப் பைகளிலேயே குடியிருக்கிறார்கள். ஆகையால் மூத்தவரின் வரலாற்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலில் கடைத் தட்டைப் பார்ப்போம். விஸ்டா ஒரே பொருளாக வரவில்லை. ஸ்டார்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிஸினஸ், என்டர்பிரைஸ், அல்டிமேட் என்று ஆறு பெயர்களில் வந்தது. ஸ்டார்டர் வளரும் நாடுகளுக்கான குறைப் பதிப்பு. என்டர்பிரைஸ் பெரிய நிறுவனங்களுக்கானது. சாதாரண மனிதன் அமெரிக்கக் கடையில் எடுக்கக் கூடியவை மீதி நான்குமே. முழுப் பெட்டியின் விலை ஹோம் பேசிக்குக்கு 199 டொலர், ஹோம் பிரீமியத்துக்கு 239, பிஸினஸுக்கு 299, அல்டிமேட்டுக்கு 399. பழைய விண்டோஸ் வைத்திருந்தவர் தரமுயர்த்திக்கொள்ளும் பெட்டிக்கு அல்டிமேட்டில் 259 டொலர். அன்றைய நாணய மாற்றில் 399 டொலர் என்பது ஏறத்தாழ 43 ஆயிரம் இலங்கை ரூபாய். பில் கேட்ஸின் கையொப்பம் அச்சிட்டு, தொடரெண் இட்ட அல்டிமேட் பெட்டிகளும் விற்கப்பட்டன. ஒரு மென்பொருளை மணப்பெண்ணைப் போல அலங்கரித்து வைத்த காலம் அது.

அல்டிமேட்டுக்கு ஏன் இந்தக் கூடுதல் விலை? வீட்டுப் பதிப்பின் கேளிக்கை வசதிகளும் அலுவலகப் பதிப்பின் வலையமைப்பு வசதிகளும் அதில் ஒன்றாகக் கிடைத்தன. வன்தட்டையே பூட்டிவைக்கும் பிட்லொக்கர் என்ற வசதியும் இருந்தது. இவை உண்மையான பொருள்கள். பெட்டியைத் திறந்த அன்றே கைக்கு வந்தவை. இவற்றைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. நான்காவதாக ஒன்றையும் சேர்த்தார்கள். அதன் பெயர் அல்டிமேட் எக்ஸ்ட்ராஸ். அதாவது, இந்தப் பதிப்பை வாங்கியவர்களுக்கு மட்டும், காலம் செல்லச் செல்ல, புதிய செயலிகளும் புதுமையான சேவைகளும் சிறப்பு வெளியீடுகளும் இணையம் வழியாக வந்துகொண்டிருக்கும் என்ற வாக்கு. என்ன செயலி? சொல்லவில்லை. எத்தனை? சொல்லவில்லை. எப்போது? அதுவும் இல்லை. வாங்குபவனின் கற்பனைக்கு விட்டுவிட்டார்கள். வாங்குபவனின் கற்பனை எப்போதுமே விற்பவனுக்குச் சாதகமாகத்தான் வேலை செய்யும்.

வந்தவற்றைக் கணக்கெடுப்போம். தொடக்கத்திலேயே கிடைத்தவை மூன்று வகை: ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம், பிட்லொக்கருக்கு வன்தட்டைத் தயார்படுத்தும் கருவியும் அதன் மீட்புச் சாவியை இணையத்தில் பத்திரப்படுத்தும் சேவையும், பதினாறு மொழிகளுக்கான இடைமுகப் பொதிகள். 2007 பெப்ரவரியில் ட்ரீம்சீன் என்பதன் முன்னோட்டம் வந்தது. கணினித் திரையின் பின்னணியில் அசையாப் படத்துக்குப் பதிலாக அசையும் காணொளியை ஓடவிடும் அலங்காரம் அது. அதன் பிறகு மாதக் கணக்கில் மௌனம். விலை கொடுத்தவர்கள் தங்கள் கணினியின் புதுப்பிப்புச் சாளரத்தைத் திறந்து திறந்து பார்த்தார்கள். வெறும் களத்தைக் கோழி கிளறியது போலத்தான்.

கேள்விகள் உரக்க எழுந்தபோது, 2007 ஜூலையில், அந்தப் பதிப்புக்குப் பொறுப்பான பணிப்பாளர் பெரி கோஃப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். ட்ரீம்சீனின் முழு வடிவமும் எஞ்சிய இருபது மொழிப் பொதிகளும் அந்தக் கோடை முடிவதற்குள் வந்துவிடும் என்றார். ட்ரீம்சீன் செப்டெம்பர் இறுதியில் வந்தது. மொழிப் பொதிகள் முழுமையடைய ஒக்டோபர் ஆயிற்று. 2008 இல் சில ஒலித் தொகுப்புகளும் திரைக்கான மேலும் சில காணொளிகளும் வந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் டிங்கர் என்ற, ஒரு சிறு இயந்திர மனிதனை வழிநடத்தும் புதிர் விளையாட்டு வந்தது. அத்தோடு சரி. 2009 ஒக்டோபர் 22 அன்று விண்டோஸ் 7 வந்தபோது அல்டிமேட் என்ற பெயர் நீடித்தது. எக்ஸ்ட்ராஸ் என்ற திட்டம் இல்லை. ட்ரீம்சீனும் அதில் இடம்பெறவில்லை. டிங்கர் விளையாட்டோ, 2009 இறுதியில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது.

வாசகர்களே, இந்தப் பட்டியலை இன்னொரு முறை வாசியுங்கள். ஒரு சீட்டாட்டம். ஒரு புதிர் விளையாட்டு. அசையும் திரைப் பின்னணி. சில மணியோசைகள். பூட்டுக்கு ஒரு துணைக் கருவி. பிறகு மொழிப் பொதிகள். புதுமையான சேவைகள், சிறப்பு வெளியீடுகள் என்று முழங்கியவை முப்பத்து மூன்று மாதங்களில் ஈன்றெடுத்தது இவ்வளவுதான். எங்கள் சம்மாந்துறையில் எந்த வாப்பா மகனின் மேசையில் போக்கர் ஆட்டத்தைக் கண்டு, "கொடுத்த காசுக்கு நல்ல மேலதிகம் கிடைத்திருக்கிறது" என்று மகிழ்ந்திருப்பார்? மத்திய கிழக்கின் வெயிலில் உழைத்து அனுப்பிய பணத்தில் பிள்ளையின் படிப்புக்கென்று கணினி வாங்கிய குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. அவர்களுக்குச் சூதாட்ட மேசையும், நினைவகத்தையும் மின்னாற்றலையும் தின்னும் ஓடும் அருவியும் எதற்கு?

மொழிப் பொதிகள் பெறுமதியானவை அல்லவா என்று கேட்கலாம். இந்த விவகாரத்தில் தமிழனுக்கு நேரடியாக உறைக்க வேண்டிய இடம் அதுதான்.

அல்டிமேட் வாங்கியவர் ஆங்கிலத்தில் இருந்த தம் கணினியை முப்பத்தைந்து வேறு மொழிகளில் எதற்கும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்தப் பெட்டியின் பெருமைகளில் ஒன்று. பெரிய நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸைத் தவிர்த்தால், வேறு பதிப்புகளுக்கு இந்த வசதி கிடையாது. அந்த மொழிகளில் அரபு உண்டு, ஹீப்ரு உண்டு, தாய்லாந்து மொழி உண்டு. சுமார் பத்து இலட்சம் பேர் பேசும் எஸ்தோனியம் உண்டு. தமிழ் இல்லை. இந்தி இல்லை. வங்காளம் இல்லை. சிங்களமும் இல்லை. இந்தியத் துணைக்கண்டத்தின் ஒரு மொழிகூட அந்த வரிசையில் அமரவில்லை. எஸ்தோனியர் மீது எனக்குப் பொறாமை கிடையாது; சிறிய மொழியொன்றுக்கு முழு இடம் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியதே. அந்த நாட்டவர் தங்கள் மொழியில் கணினி வேண்டும் என்று கேட்டு வாங்கும் சமூகமாக இருந்தார்கள். கோடிக்கணக்கில் பேசுகிறோம் என்று மேடையில் மார்தட்டும் நாம், கடையில் ஆங்கிலப் பெட்டியை மறுபேச்சின்றி எடுத்து வந்தோம்.

அப்படியானால் தமிழ் அறவே இல்லையா? இருந்தது. ஆனால் வேறு கதவால் வந்தது. இடைமுகத்தின் ஒரு பகுதியை மட்டும் தமிழாக்கும் சிறுபொதி ஒன்றை அந்த நிறுவனம் வெளியிட்டது. எக்ஸ்பிக்கும் அது கிடைத்தது, விஸ்டாவுக்கும் கிடைத்தது. இதற்கு அல்டிமேட் தேவையில்லை. மலிவான ஹோம் பேசிக் வைத்திருந்தவரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். இதன் பொருளைச் சற்று நிறுத்தி யோசியுங்கள். மொழிகளைக் காட்டி அதிகம் வசூலித்த பெட்டியில் தமிழருக்கு எதுவும் இல்லை. தமிழருக்கு இருந்ததோ எல்லோருக்கும் இலவசம். ஒரு தமிழன் அல்டிமேட்டை வாங்கி, மொழிப் பொதிகள் என்ற மேலதிகத்துக்காகத் தன் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தான் என்றால், அவன் எஸ்தோனியனின் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டுத் தன் வீட்டில் கஞ்சி குடித்தவன் ஆகிறான்.

இலங்கைத் தமிழ் பேசுவோரின் நிலை இன்னும் ஒரு படி கீழே. கணினியின் மொழிப் பட்டியலில் மொழியும் நாடும் சேர்த்தே குறிக்கப்படும். விஸ்டாவில் சிங்களம் (இலங்கை) என்ற பதிவு வந்துவிட்டது. அதற்கென்று இஸ்கோல பொத்த என்ற எழுத்துருவும் வந்தது. நல்லது, வரவேற்கிறேன். தமிழுக்கோ தமிழ் (இந்தியா) என்ற ஒரே பதிவுதான். தமிழ் (இலங்கை) என்ற பதிவு 2012 இல் வந்த விண்டோஸ் 8 உடன்தான் சேர்ந்தது. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்று அரசியலமைப்பில் எழுதிவிட்டது. அரசியலமைப்புக்குத் தெரிந்தது கணினிக்குத் தெரிய மேலும் கால் நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது. இலங்கையில் தமிழில் பேசி, தமிழில் படித்து, தமிழில் கனவு காணும் முஸ்லிம்களும், வடகிழக்குத் தமிழரும், மலையகத்தாரும் தங்கள் கணினியிடம் தாங்கள் இந்தியாவில் இருப்பதாகச் சொல்லவேண்டியிருந்தது. 399 டொலர் வாங்கிக்கொண்டு "வந்துகொண்டே இருக்கும்" என்றவர்களின் வரிசையில் இந்தச் சிறு திருத்தம் ஏன் இடம்பெறவில்லை? இதற்குப் பெருஞ்செலவு இல்லை. கேட்பார் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு உண்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 8 வந்தபோது, ஒரே மொழிக்கென்று விற்கப்பட்ட பதிப்பைத் தவிர, மற்றவர்கள் எல்லோரும் விரும்பிய மொழிப் பொதியை மேலதிகக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. டிங்கர் இலவசம், மொழியும் இலவசம், ட்ரீம்சீன் காணாமற் போயிற்று. உயர்ந்த விலை கொடுத்தவனுக்கு மட்டும் என்று சொல்லப்பட்டவற்றில் எது கடைசிவரை அவனுக்கு மட்டும் என்று நின்றது?

வியாபாரத்தில் மேலதிகம் என்பது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் அதற்குக் கொசுறு என்று அழகான பெயரே இருக்கிறது. கத்தரிக்காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அந்தப் பழக்கத்தின் நேர்மை எங்கே இருக்கிறது? கொசுறு உடனே கைக்கு வரும். கண்ணுக்குத் தெரியும். அதற்கென்று தனி விலை இல்லை. "கத்தரிக்காய்க்கு இருமடங்கு கொடு, கறிவேப்பிலையை அடுத்த வருடம் அனுப்புகிறேன், எத்தனை இலை என்று கேட்காதே" என்று எந்தச் சந்தையிலும் எவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் அவருக்குச் சந்தையில் இடம் இருந்திராது.

வராத பொருளுக்கு முன்கூட்டியே பணம் கொடுக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. எங்கள் ஊர் நெல்லின் ஊர். கல்லோயாத் தண்ணீரில் விளையும் வயல்களைச் சுற்றித்தான் இங்கே கடனும் கல்யாணமும் நடக்கின்றன. கதிர் முற்றுமுன்னே நெல்லுக்கு முற்பணம் பேசுவது இங்கே பழைய சங்கதி. இஸ்லாமிய வணிகச் சட்டம் இதற்கு ஸலம் என்று பெயரிட்டு, கடும் நிபந்தனைகளோடுதான் அனுமதிக்கிறது. முன்பணம் பெறும் பொருளின் வகை தெரிந்திருக்க வேண்டும். அளவு அல்லது நிறை தெரிந்திருக்க வேண்டும். கொடுக்கும் தவணை தெரிந்திருக்க வேண்டும். இவை தெளிவில்லாமல் செய்யும் விற்பனை, கரர் என்ற ஐயப்பாட்டு விற்பனையாகி விலக்கப்படும். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், மதீனாவின் பேரீச்சம்பழ வணிகத்தை ஒழுங்குபடுத்த வகுக்கப்பட்ட இந்த அளவுகோலில் அல்டிமேட் எக்ஸ்ட்ராஸை நிறுத்திப் பாருங்கள். வகை தெரியாது. அளவு தெரியாது. தவணை தெரியாது. மூன்றிலும் தோல்வி. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் விவசாயி ஏற்காத ஓர் ஒப்பந்தத்தை, உலகின் படித்த வர்க்கம் பளபளக்கும் பெட்டி என்பதற்காக ஏற்றுக்கொண்டது.

அந்த நிறுவனத்துக்கே இதைவிட நேர்மையான வழி முன்பு தெரிந்திருந்தது என்பதுதான் விந்தை. 1995 இல் விண்டோஸ் 95 வந்தபோது, அதன் மேலதிகங்களைப் பிளஸ் என்ற தனிப் பெட்டியில் 49.95 டொலருக்கு விற்றார்கள். திரை அலங்காரங்கள், பின்போல் விளையாட்டு, சில கருவிகள். வேண்டியவர் வாங்கினார், வேண்டாதவர் விட்டார். என்ன கிடைக்கும் என்று பெட்டியைப் பார்த்தே முடிவுசெய்யலாம். பத்திரிகைக்காரர்கள் எடைபோட்டு, தகும் அல்லது தகாது என்று எழுதலாம். பொருளுக்கு விலை என்ற அந்த ஏற்பாட்டை விட்டு, வாக்குக்கு விலை என்ற ஏற்பாட்டுக்கு 2007 இல் இறங்கினார்கள். வாக்கை எவராலும் எடைபோட முடியாது. விமர்சகரிடம் "பொறுங்கள், வரும்" என்று எந்நாளும் சொல்லலாம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். மறைத்துவிட்டு எழுதுவது அறமல்ல.

முதலாவது: எக்ஸ்ட்ராஸ் ஓர் உபரிதானே, அதற்கு எவரும் தனியே பணம் வாங்கவில்லையே, பிட்லொக்கருக்கும் மற்ற வசதிகளுக்கும்தானே அந்த விலை? கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. அப்படியானால் விற்கும்போது அதை ஏன் பதிப்பின் தனிச் சிறப்பாக முன்னிறுத்தினார்கள்? வாங்கும் நாளில் அது காரணம். கேட்கும் நாளில் அது வெறும் உபரி. ஒரே பொருளுக்கு இரண்டு தராசு. மேலும், கடமை எதுவும் இல்லையென்றால் 2007 ஜூலையில் பணிப்பாளர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஒருவர் மன்னிப்புக் கேட்பது, கடன் இருந்தது என்று அவரே எழுதிக்கொடுக்கும் சீட்டு.

இரண்டாவது வாதம் நம் பக்கத்திலிருந்து வருவது. அதுவே கூடுதலாகச் சுடுவது. "நம் நாட்டில் எத்தனை பேர் உண்மையான பெட்டியை வாங்கினார்கள்? எல்லாம் களவுப் பிரதிதானே. நமக்கு எதற்கு இந்த அங்கலாய்ப்பு?" களவுப் பிரதிகள் கல்முனை முதல் கொழும்பு வரை தாராளமாகப் புழங்கியதை மறுப்பவர் எவரும் இல்லை. நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இந்த விவகாரத்தில் ஏமாந்தவர் யார் என்று பாருங்கள். களவுப் பிரதிக்காரன் எதையும் இழக்கவில்லை. பிறர் பொருளைத் திருடலாகாது என்று நினைத்து, இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்துவைத்து, உச்சப் பதிப்பை நேர்வழியில் வாங்கியவனே ஏமாந்தான். நேர்மையானவனைத் தண்டித்து, களவெடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கவைப்பதைப் போல நேர்மைக்கு எதிரான பிரசாரம் வேறில்லை. களவுப் பிரதியைக் கண்டிக்கும் விளம்பரங்களை வெளியிடும் தொழில், தன் நேர்மையான வாடிக்கையாளனிடம் எப்படி நடந்துகொண்டது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

மூன்றாவது வாதம்: மென்பொருள் தயாரிப்பது கடினம், தாமதம் இயல்பு. ஆம், கடினம்தான். எங்கள் ஊரிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. ஒரு நிரலைப் பிழையின்றி ஓடவைக்க என்ன பாடு படவேண்டும் என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டாலே தெரியும். கடினமானதை வாக்களிக்கும் முன் யோசித்திருக்க வேண்டும் என்பதே என் பதில். வீடு கட்டுவதும் கடினம்தான். அதற்காகக் கொத்தனார் கூரையில்லாத வீட்டைக் கையளித்து, "கூரை ஒரு மேலதிகம், மாதா மாதம் ஓட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா?

இதில் பத்திரிகைத் தொழிலின் பங்கையும் விட்டுவிட முடியாது. தமிழ்ப் பத்திரிகைகளின் தொழில்நுட்பப் பக்கங்களைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். பொருள் வெளியாகும் நாளில் நிறுவனத்தின் அறிக்கை தமிழாகி, படத்தோடு, நான்கு பத்தியில் வந்துவிடும். "வாடிக்கையாளர்கள் தொடர்ந்து புதிய வசதிகளைப் பெறுவர்" என்று எதிர்கால வினைமுற்றில் ஒரு வாக்கியம் தவறாது இருக்கும். அந்த எதிர்காலம் வந்ததா என்று ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கும் செய்தியாளர் எங்கே? பாலத்துக்கு அடிக்கல் நாட்டிய அமைச்சரைத் துரத்தித் துரத்திக் கேட்கிறோம். ஐந்து வருடமாகியும் அந்தக் கல் மட்டும் நிற்கும் படத்தைப் போடுகிறோம். அடிக்கல் அரசியலை அடையாளம் காணத் தெரிந்த நமக்கு, அடிக்கல் வணிகத்தை அடையாளம் காண ஏன் தெரியவில்லை? அமைச்சரிடம் கேட்டால் விளம்பரம் நின்றுவிடும் என்ற பயம் குறைவு. நிறுவனத்திடம் கேட்டால் அந்தப் பயம் கூடுதல். காரணம் அதற்கு மேல் ஆழமானதல்ல.

இந்தப் பழைய வழக்கின் பேரப்பிள்ளைகளைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? டெஸ்லா நிறுவனம் 2016 ஒக்டோபர் முதல் முழுத் தானியங்கி ஓட்டம் என்ற பெயரில் ஒரு மேலதிகத்தை விற்றது. மென்பொருள் பின்னால் வரும், இப்போதே பணம் கொடுங்கள் என்ற அதே பாட்டு. அதன் விலை 2022 செப்டெம்பரில் அமெரிக்காவில் 15,000 டொலர் வரை ஏறியது. 2024 இல் அதன் பெயரோடு "மேற்பார்வைக்குட்பட்ட" என்ற அடைமொழி ஒட்டப்பட்டது. 2025 ஜனவரியில் நிறுவனத் தலைவர் எலோன் மஸ்க், அந்த மேலதிகத்தை வாங்கியவர்களின் பழைய வாகனங்களில் கணினியையே மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டார். அப்பிள் நிறுவனம் 2024 ஜூனில், உங்கள் சூழலை அறிந்து பதில் சொல்லும் புதிய சிரியைக் காட்டி, அதே ஆண்டு செப்டெம்பரில் அதை முன்வைத்தே ஐபோன் 16 ஐ விளம்பரம் செய்தது. 2025 மார்ச்சில் அது தாமதமாகும் என்று அறிவித்தது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மைக்ரோசொஃப்டே 2024 மே மாதம் புதுவகைக் கணினிகளின் சிறப்பாக அறிவித்த ரீகால் என்ற வசதி, பாதுகாப்புக் கண்டனங்களால் பின்தள்ளப்பட்டு, 2025 ஏப்ரலில்தான் பொதுப் பாவனைக்கு வந்தது. கணினி வேறு, கார் வேறு, கைபேசி வேறு. விற்கப்பட்ட சரக்கு ஒன்றே. எதிர்கால வினைமுற்று.

2007 இல் அந்தச் சரக்கு 399 டொலர் பெட்டியின் ஓர் ஓரத்தில் இருந்தது. இன்று அதுவே பெட்டியின் நடுவில் இருக்கிறது. அன்று உரத்துக் கேட்டவர்கள் கேட்டதோடு நின்றார்கள். மன்னிப்புக் கிடைத்தது, பணம் திரும்பவில்லை, திட்டம் ஓசையின்றிப் புதைக்கப்பட்டது. அந்த அனுபவத்திலிருந்து தொழில் எந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டிருக்கும்? வாக்களித்துவிட்டு நிறைவேற்றாமல் இருந்தால் பெரிய நட்டம் எதுவும் நேராது என்ற பாடத்தைத்தான். பாடத்தைக் கற்பித்தவர்கள் நாம்; பயன்படுத்துபவர்கள் அவர்கள்.

செய்யக் கூடியது என்ன? நமது கையில் இருப்பது சிறிதல்ல. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. வணிகர் எவரும் ஏமாற்றும் அல்லது தவறாக வழிநடத்தும் நடத்தையில் ஈடுபடலாகாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. அரிசிக்கும் பால்மாவுக்கும் மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. மென்பொருளுக்கும் கைபேசிக்கும் அந்தச் சட்டத்தை நீட்டிக் கேட்கும் முதல் முறைப்பாடுகள் நம் பிரதேசங்களிலிருந்தும் போகட்டும், தமிழிலேயே போகட்டும். பாடசாலைக்குக் கணினி வாங்கும் அதிபர்களும், பள்ளிவாசல் நிதியில் நூலகத்துக்குக் கணினி எடுக்கும் நிர்வாகிகளும், விலைப்பட்டியலை இரண்டு பத்தியாகப் பிரித்துக் கேட்கட்டும். இன்று பெட்டிக்குள் இருப்பது எது? பிறகு தருவதாகச் சொல்வது எது? இரண்டாவது பத்தியில் உள்ளவற்றின் பெறுமதி சூனியம் என்று வைத்தே விலை பேசுங்கள். வந்தால் கொசுறு என்று ஏற்றுக்கொள்வோம்.

தமிழ் இடைமுகத்தையும் அந்த முதற் பத்தியிலேயே கேளுங்கள். உலகெங்கும் பரந்து வாழும் வாசகர்களே, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிங்கப்பூரிலும் உச்சப் பதிப்புகளை உண்மையான விலை கொடுத்து வாங்கும் வசதி உங்களில் பலருக்கு இருக்கிறது. எஸ்தோனியர் தங்கள் மொழியில் தந்தால்தான் எடுப்போம் என்ற சந்தையாக இருந்து பெற்றதை, நீங்களும் அவ்வாறு நின்றால் பெறலாம். கேட்காத வாடிக்கையாளனுக்கு மேலதிகமாகச் சீட்டாட்டம்தான் வரும், மொழி வராது.